நடுவில் யார்

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினேன். யாப்பை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் கவிஞர்கள் பலர் அதன் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறார்கள், சரிப்படாவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பில், என்று அதில் குற்றம் சாட்டியிருந்தேன். புது வீடு கிடைக்கிறதோ இல்லையோ, பழைய வீட்டை முதலில் விற்றுவிட வேண்டும். தெருவில் நிற்கிறவனுக்குத்தான் வீடு என்றால் என்னவென்று தெரியும் என்று முடித்திருந்தேன். நண்பர்கள் நாலைந்து பேர் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் மட்டும் ஒற்றை வரி எழுதியிருந்தார்: 'நீங்கள் தெருவில் நின்று பார்த்திருக்கிறீர்களா?' அதற்கு நான் பதில் போடவில்லை.

இப்போது போடுகிறேன். நின்றதில்லை. நிற்க வேண்டிய சந்தர்ப்பம் வந்தபோது கால்குலேட்டரை எடுத்தேன்.

*

எங்கள் வீடு பெரும்பாக்கத்தில் இருக்கிறது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அரைக் கிரவுண்டு. பல்லாவரம் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா 1994இல் வாங்கிப்போட்ட மனை. அப்போது அவருடைய சிநேகிதர்கள் சிரித்தார்களாம், தவளைக்குப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறான் என்று. முதலில் ஒரு ரூம், பிறகு ஹால், பிறகு மேலே ஒரு ஓட்டுச் சாய்ப்பு என்று போனஸ் வந்தபோதெல்லாம் வீடு கொஞ்சம் வளர்ந்தது. அதனால் அதற்கு ஒரு வடிவம் இல்லை. சமையலறைக்குப் போக வேண்டுமானால் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும்.

ஊர் அதன்பின் மாறியது. ஏரியைச் சுற்றி இருந்த வயல்கள் மனைகளாயின. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தது. ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்து அகற்றப்பட்டவர்களுக்காக அரசு கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. 2022 ஜனவரியில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. சங்க இலக்கியமே சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்த ஊர் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் தண்ணீர் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து குடியேறியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்புறம் நாங்கள் இருக்கிறோம். நகரத்தின் தென்பகுதியில் பெய்கிற மழையில் பெரும்பங்கு அதில் வந்து தங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் எங்கள் ஹாலில் இடுப்பளவு நின்றது. கீழ்த் தட்டில் இருந்த பழைய சிறுபத்திரிகைகள் கூழாகிப்போயின. அவற்றை உலர்த்த வழியில்லாமல் கூடையில் அள்ளிக் கொட்டியதை இன்னும் நினைக்காமல் இருக்கப் பழகவில்லை. 2019இல் அப்பா போனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி முழங்கால் அளவு. அந்த முறை புத்தகங்கள் மேலே இருந்தன. அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்தாள். பாத்ரூமுக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்த அன்றைக்கே என் மனைவி சொன்னாள்: "போதும்ங்க. மேட்டுப் பக்கமா எங்கயாவது போயிடலாம்." அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பையனும் அங்கேதான் படிக்கிறான். தாம்பரத்தில் ரயில்வே லைனை ஒட்டி, மேற்கே, ஒரு சின்ன ஃபிளாட். அவ்வளவுதான் வேண்டியது. விற்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எது முதலில் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

*

நான் வங்கிக் குமாஸ்தா. பதினாலு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்தையும் தினமும் பார்க்கிறவன்.

விற்காமல் வாங்கினால் கையில் பணம் இருக்காது. அதற்கு பிரிட்ஜ் லோன் என்று ஒன்று உண்டு. பழைய வீடு விற்கும்வரை பாலம் போடுகிற கடன். பாலத்துக்கு வட்டி உண்டு. குறித்த காலத்துக்குள் பழைய வீடு விற்காவிட்டால், இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரனாக இருந்துகொண்டு மாசக் கடைசியில் அரிசிக்குக் கடன் கேட்கிற விசித்திரமான ஏழையாகிவிடலாம். அப்படிப்பட்ட ஒருவர் என் கவுண்டருக்கு முன்னால் நின்று, 'சார், நான் ரெண்டு வீட்டுக்காரன், எனக்கு ஒரு தவணை தள்ளிப்போடக் கூடாதா' என்று கேட்டிருக்கிறார்.

வாங்காமல் விற்றால் கையில் பணம் இருக்கும், தலைக்கு மேல் கூரை இருக்காது. வாடகை வீட்டில் உட்கார்ந்து தேட வேண்டும். தேடுகிற ஒவ்வொரு மாசமும் விலை ஏறும். பதிவு அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் எடுத்துவைக்க வேண்டும். போதாக்குறைக்கு வருமான வரி. விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் வரி இல்லை. ஆனால் அதற்குக் கெடு உண்டு: விற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்கலாம், அல்லது விற்ற இரண்டு வருஷத்துக்குள் வாங்கலாம், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டிக்கொள்ளலாம். ரிட்டர்ன் கொடுக்கும் கெடுவுக்குள் பணத்தைப் போட முடியவில்லையென்றால் அதை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று ஒரு தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 1988ஆம் வருஷத்துத் திட்டம் அது. அந்தப் படிவங்களை நிரப்பித் தருகிற வேலை எங்கள் கிளையில் என்னுடையது.

அந்தக் கணக்குகள் மீது எனக்கு ஒரு வினோதமான ஈடுபாடு உண்டு. அதில் இருப்பது பணம் இல்லை. வீடு, பணத்தின் ரூபத்தில். ஒரு வீட்டின் உடம்பை விட்டுவிட்டு இன்னொரு உடம்பில் நுழையாத ஜீவன் மாதிரி அது அங்கே கிடக்கிறது. எடுத்தால் எதற்காக எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் அளவும் வைத்து, ஒரு பாஸ்புத்தகமும் கொடுத்திருக்கிறது அரசாங்கம். கவனித்தால் இன்னொன்றும் தெரியும். முன்னாலேயே வாங்குகிறவனுக்கு ஒரு வருஷம்தான் தரும் சட்டம், முதலில் விற்றுவிட்டுத் தேடுகிறவனுக்கு இரண்டு வருஷம் தருகிறது. என்னுடைய பழைய கட்டுரையின் கட்சியில்தான் சட்டமும் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தைரியம் வரவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டபோது எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கமில்லை. தீர்ப்பாயம் சொன்னது நியாயம். சதுப்பு நிலம் பிழைத்தால்தான் நாங்கள் பிழைப்போம். 2015ஐ இடுப்பால் அளந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை விற்க நினைக்கிறவன் நியாயத்தை முதலில் விலையாகத்தான் வாசிக்கிறான். வாங்க வருகிறவன் இடித்துக் கட்டத்தானே வருகிறான்? புரோக்கரின் போன் இரண்டு மாசம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது.

"சார், ஒரு பார்ட்டி இருக்கு. இடிக்க மாட்டாங்க, இருக்கிற வீட்ல அப்படியே குடி வர்றாங்க. மூணு மாசத்துல கிரயம். ஆனா அதுக்குள்ள காலி பண்ணித் தரணும். இத விட்டீங்கன்னா அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

வந்து பார்த்தார்கள். சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண் சமையலறைக்குப் படுக்கையறை வழியாகப் போவதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

*

அந்த வாரத்தில் செக்காவைப் படித்தேன். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்போது படிக்க உட்காருவது பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களின் வியாதி.

'செர்ரித் தோட்டம்' வீடு விற்பதைப் பற்றிய நாடகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்ட் 22ஆம் தேதி ஏலம் என்று முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்தை மனை மனையாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விடு, கடன் அடைந்துவிடும் என்கிறான் லோபாகின். பெரும்பாக்கத்தில் வளர்ந்தவனுக்கு லோபாகின் அந்நியன் இல்லை. எங்கள் ஏரிக்கரையில் அவனைப் பல வேஷ்டிகளில் பார்த்திருக்கிறேன். ரனேவ்ஸ்கயா அம்மாள் முடிவே எடுப்பதில்லை. விற்பதா, வேண்டாமா, போவதென்றால் எங்கே, ஒன்றும் சொல்வதில்லை. ஏலம் அவளுக்காக முடிவெடுக்கிறது. கடைசியில் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வீட்டைப் பூட்டியாயிற்று. பிறகு மேடைக்கு வருகிறான் கிழ வேலைக்காரன் ஃபீர்ஸ். அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இதைக் கல்லூரியில் படித்தபோது ஃபீர்ஸ் ஒரு குறியீடு, பழைய சமுதாய அமைப்பின் சின்னம், என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. அவனை யாரும் வேண்டுமென்று விட்டுவிட்டுப் போகவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார்கள், விசாரிக்கிறார்கள். அனுப்பியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்புகிறார்கள். அவ்வளவுதான். கொடுமை எதுவும் நடக்கவில்லை. அவனைப் போய்ப் பார்க்கவில்லை, அவனையே கேட்கவில்லை.

செக்காவே வீடு மாறியவர். 1898 அக்டோபரில் அவருடைய தகப்பனார் இறந்தார். காசநோய்க்காக டாக்டர்கள் தெற்கே போய் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த மாசமே யால்டாவுக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த மெலிகோவோ பண்ணை வீட்டை விற்றது அடுத்த வருஷம். அதாவது முதலில் வாங்கினார், பிறகு விற்றார். நடுவில் பணத்துக்கு என்ன செய்தார்? 1899 ஜனவரியில், தன் எழுத்துக்களின் உரிமையை மார்க்ஸ் என்ற பதிப்பாளருக்கு 75,000 ரூபிளுக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு முன்னால் எழுத்தை விற்றார். அந்த ஒப்பந்தத்தில் அவர் ஏமாந்துபோனார் என்று நண்பர்கள் ஆதங்கப்பட்டார்கள். இருக்கலாம். ஆனால் தாயும் தங்கை மாரியாவும் மெலிகோவோவை விட்டபோது போய் இறங்க யால்டாவில் ஒரு வீடு இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியபோது, எங்கள் வீட்டில் இந்த விஷயத்தை யாரெல்லாம் பேசினோம் என்று யோசித்தேன். நான், மனைவி, புரோக்கர், வங்கியில் ஒரு நண்பர், தன் பங்குக்கு ஏற்கனவே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்ட காஞ்சிபுரத்து அக்கா. எட்டு வயசுப் பையன்கூட 'புது வீட்ல எனக்குத் தனி ரூமா?' என்று கேட்டிருந்தான்.

"அம்மாகிட்ட நீ சொல்லிட்டேல்ல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்க சொல்லிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

*

சட்டப்படி வீட்டில் அம்மாவுக்குப் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் முதல் பெயர் அவளுடையது. அவள் கையெழுத்தில்லாமல் கிரயம் நடக்காது. ரிஜிஸ்தர் ஆபீஸில் அவளை உட்காரவைத்து போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகை வைப்பார்கள், சம்மதம்தானா என்று கேட்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுடைய ஆதார் ஜெராக்ஸ் ஃபைலில் தயாராக இருந்தது. சார்பதிவாளர் கேட்கப்போகிற கேள்வியை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாசம், கிரயம், தாம்பரத்தில் வாடகை வீடு, பிறகு ஃபிளாட். வங்கியில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன் என்று நினைக்கிறேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நடுவுல எவ்ளோ நாளு?"

"ஆறு மாசம். மிஞ்சிப்போனா ஒரு வருஷம்மா."

"அந்த ஒரு வருஷத்துல நான் செத்துட்டா?"

நான் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். ஏன் இப்படிப் பேசுகிறாய், உனக்கு ஒன்றும் ஆகாது என்று.

"எழுபத்தி நாலு ஆவுது தம்பி. ஆவறதுக்கு ஒண்ணும் புதுசா வேணாம். வாடகை வூட்டுல பொணத்த உள்ள விடுவானா? நம்ம தெருக் கோடியில இருந்தாரே, ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாங்களே. வூட்டுக்காரன் வாசல்ல எறக்கக் கூடாதுன்னுட்டான். அந்தப் பொண்ணு ரோட்டுல நின்னுக்கினு அழுதுச்சி. நான் போயிருந்தேன். நீ ஆபீஸ் போயிட்ட."

எனக்கு அந்தச் சம்பவம் ஞாபகம்கூட இல்லை. அன்றைக்கு ஏதாவது கட்டுரை எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

என்னுடைய பட்டியலில் வட்டி இருந்தது, வாடகை இருந்தது, முத்திரைத் தீர்வை இருந்தது, வருமான வரி இருந்தது. சாவு இல்லை. 1984இல் வந்த சம்பத்தின் 'இடைவெளி'யைப் பற்றி இரண்டு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். சாவைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனின் நாவல் அது. தமிழில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொன்று இல்லை என்று மைக்கில் சொன்னவன், அந்தத் தலைப்புச் சொல்லை என் வீட்டுக் கணக்கில் மாசத்தால் அளந்து எழுதிவைத்திருந்தேன்.

*

எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உதவி செய்துவிட்டுப் போகிற ஒரு அம்மாள் இருக்கிறார். எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து வந்த குடும்பம். மறுநாள் காலை அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"எங்களுக்கெல்லாம் நடுவுலன்னே ஒண்ணு கெடையாது ஆயா. காலையில லாரி வந்துச்சி. சாயங்காலம் இங்க சாவி குடுத்தாங்க. ஒரே நாளு. எங்க மாமியார்தான் ஒத்துக்கவே இல்ல. நாலு மாசம் இருந்துச்சி. டெய்லியும் 'எப்பம்மா ஊட்டுக்குப் போறது'ன்னு கேட்டுக்கினே இருக்கும். இதான் ஊடுன்னு சொன்னா, சரின்னு தலைய ஆட்டும். மறுபடி கேக்கும்."

கணக்குப்படி பார்த்தால் அவர்களுக்கு இடைவெளியே இல்லை. ஒரு லாரிப் பயணம், அவ்வளவுதான். புது வீடு தயாராக இருந்தது, பிறகுதான் பழைய வீடு போனது. நான் எதைப் பாதுகாப்பான வரிசை என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ அதே வரிசை. ஆனாலும் அந்தக் கிழவிக்கு இடைவெளி நாலு மாசம் நீடித்து, பிறகு முடிவில்லாததாகிவிட்டது. அவளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய வீடும் புது வீடும் மற்ற எல்லாரும் பார்க்கக்கூடியவையாக இருக்கின்றன. நடுவில் இருக்கிற இடம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதன் நீளத்தைத் தேதிகளால் அளக்க முடியாது. யார் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என் பழைய கட்டுரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதில் நான் சி.சு. செல்லப்பாவை உதாரணம் காட்டியிருந்தேன். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது அவர் திரும்பிப் போக வழி வைத்துக்கொள்ளவில்லை, புதுக் கவிதைக்கு வாசகன் என்று ஒருவன் உண்டா என்று தெரியாமலே பழைய வீட்டை விற்றார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார் என்று. இதில் எதையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவர் மனைவியின் நகைகளை விற்றுப் பத்திரிகை நடத்தினார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. நாம் அதை அவருடைய தியாகமாகவே சொல்லி வந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். நகை யாருடையது? 'எழுத்'தின் 119 இதழ்களும் ஒரு பாலம் என்றால் அந்தப் பாலத்தின் வட்டியைக் கட்டிய ஒரு பெண்மணி இருந்தார். நம்முடைய விமரிசனத்தில் அவருக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. அவர் மனமுவந்து கொடுத்திருக்கலாம். கொடுத்தாரா என்று நாம் கேட்டதில்லை என்பதுதான் நான் சொல்வது.

பழையதை விட்டுவிட்டு வா என்று எழுதுவது விமரிசகனுக்குச் சுலபம். நடுவில் இருக்கப்போவது அவன் இல்லை. கவிஞன்கூடச் சில சமயம் இல்லை. அவன் வீட்டில் இன்னொருவர்.

*

மூன்றாம் நாள் அம்மாவே கூப்பிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. வூட்டக் குடுத்துடு. நல்ல பொண்ணா இருக்கு, வாங்க வந்துச்சே, அது. நீங்க மூணு பேரும் வாடகைக்குப் போங்க. நான் மதுராந்தகம் போறேன், என் தங்கச்சி வூட்டுக்கு. அது சொந்த வூடு. அங்க எனக்கு ஏதானா ஆனா தூக்கறதுக்கு நாலு ஆளு இருக்கு. நீ ஃபிளாட்டு வாங்கினப்புறம் வந்து கூட்டிக்கினு போ."

எவ்வளவு நாளாக இதை யோசித்து வைத்திருந்தாள் என்று கேட்டேன்.

"தண்ணி வந்த அன்னைக்கே" என்றாள். "கட்டில் மேல உக்காந்துக்கினு வேற என்ன வேல?"

எல்லாவற்றையும் தீர்க்கிற யோசனை. மூன்று மாசத்தில் கிரயம் செய்யலாம். வட்டி இல்லை. இரண்டு வருஷக் கெடுவுக்குள் நிதானமாகத் தேடலாம். ஆனால் எனக்கு நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. இதோ, கேட்டாயிற்று. கேட்டவுடன் நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். கேட்பது போதுமா? எழுபத்தி நாலு வயசில் பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டு நடையில் போய்ப் படுக்கிறேன் என்கிறவளைப் பார்த்து, சரி போ என்று சொல்வதா?

இரண்டு ராத்திரி தூங்காமல் ஒரு முடிவுக்கு வந்தேன். வரிசையை மாற்றுவது. முதலில் வாங்குவது. என் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. வரிசைப்படுத்தி, மெய்ப்புப் பார்த்து, அட்டை ஓவியத்துக்கு ஒரு நண்பரிடமும் சொல்லியாயிற்று. அந்தப் பணத்தை தாம்பரம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்து, மிச்சத்துக்கு பிரிட்ஜ் லோன் போட்டு, அம்மாவை ஒரு நாள்கூட வாடகை வீட்டில் வைக்காமல் நேராகக் கொண்டுபோய் இறக்குவது. இடைவெளியின் விலையை நான் கட்டுவது. இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சாகியிருந்தால் இதைப் படிக்கிறவர்கள்தான் வாங்கியிருப்பீர்கள், அதிலும் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டு இனாமாக வாங்கியிருப்பீர்கள். ஆனாலும் செக்காவின் 75,000 ரூபிள் ஞாபகத்துக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு என் மீதே ஒரு மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நீ எங்கேயும் போக வேண்டாம், வாடகை வீடும் வேண்டாம், முதலில் ஃபிளாட், பிறகுதான் இது என்று.

அம்மா அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரெக்சின் பை. அதில் நாலு புடவை மடித்து வைத்திருந்தது. மேலே, தங்கைக்கு என்று எடுத்துவைத்த ஒரு புதுப் புடவை.

"அப்போ மதுராந்தகம் இல்லையா?" என்றாள்.

அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்காக நீ அங்க போய்க் கஷ்டப்பட வேணாம்மா."

"கஷ்டம்னு நான் சொன்னனா?" என்றாள். "கல்யாணம் ஆயி வந்ததிலேர்ந்து அவகூட நாலு நாள் சேர்ந்தாப்ல இருந்ததில்ல. ஆறு மாசம், ஒரு வருஷம்ன்ன. சரி, அதான் சாக்குன்னு நெனச்சேன்."

பையின் ஜிப்பைப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து, படுக்கையறை வழியாகச் சமையலறைக்குப் போனாள்.

தவணை கேட்ட வாரம் நாளையோடு முடிகிறது. புரோக்கர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. பை இன்னும் அலமாரிக்குள் போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிற மேஜையிலிருந்து பார்த்தால் அது தெரிகிறது.